இரண்டாம் ஆண்டு எங்கே

அந்தக் காலத்தில் ரங்கூனில் சட்ட வகுப்புகள் காலையில்தான் நடக்கும். பாடம் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் தொழில் செய்கிற பாரிஸ்டர்கள். கோர்ட்டு கூடுவதற்குள் வகுப்பை முடித்துக்கொண்டு, கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டபடி போய்விடுவார்கள். நாங்கள் அரைகுறையாக எழுதிய குறிப்புகளோடு டிராமுக்குக் காத்திருப்போம். பல்கலைக்கழகம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் சட்டப் பட்டம் அதைவிடப் புதிது. அதை யார் எவ்வளவு மதிப்பார்கள் என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது.

சென்னைப் பட்டத்தைப் பற்றி அப்படி ஓர் ஐயமும் கிடையாது. ரங்கூன் ஹைக்கோர்ட்டில் நாலு பேர் எழுந்து வழிவிடுகிற தமிழ் வக்கீல்களின் பெயர்ப்பலகைகளில், பெயருக்குப் பின்னால் பி.எல். என்றும், அதற்குப் பின்னால் சென்னை என்றும் எழுதியிருக்கும். சென்னை என்ற சொல் சில பலகைகளில் பெயரைவிடப் பெரியதாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் முதலாண்டில் தேறியிருந்தேன். சென்னையிலிருந்த பெரியப்பா, அதாவது என் தகப்பனாரின் அண்ணன், அங்குள்ள பெரிய சட்டக் கல்லூரியில் பேசி, என்னை இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். தங்குவதும் அவர் வீட்டில்தான். எங்கள் வகுப்பு மழை தொடங்கியதும் திறந்துவிடும். அவர்கள் வகுப்பு ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத் திறக்கும். அதற்குள் நான் இங்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கப்பலேற வேண்டும். சான்றிதழ் வாங்கிய அன்றே இங்கே என் பெயரை அடித்துவிடுவார்கள். போன இடம் பிடிக்கவில்லை என்று அதே ஆண்டில் திரும்பி வர முடியாது. முடிவு செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

எழுதும்போது சிறிதாகத் தெரிகிறது. வகுப்பு திறந்து இரண்டு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் எதையும் வரிசையாகச் செய்து பழகியவன். புத்தகம் எடுத்தால் தொடங்கிய அத்தியாயத்தை முடிக்காமல் மூடமாட்டேன். அந்த நாட்களில் அரைப்பக்கம் படித்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவேன். நாங்கள் லத்தா பேட்டையில் சீனர் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். ஜன்னலில் நின்றால் கீழே கூடைக்காரர்களும் குடைகளும் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, எதைப் பார்த்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். வேலை ஒன்றும் இல்லாமல் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து திரும்பி வருவேன். பெட்டியில் துணிகளை அடுக்குவேன். பர்மியச் சட்டப் புத்தகத்தை உள்ளே வைப்பேன். அது அங்கே பாடத்திலேயே இல்லை என்று நினைவு வந்து வெளியே எடுப்பேன். பிறகு துணிகளையும் எடுத்துவிடுவேன்.

அப்பாவுக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது. அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. "அங்கதான்டா சட்டம் இருக்கு. இங்க இருக்கறது அதோட நகல்," என்பார். என்னோடு சென்னைக்கு மாறுவதாக முடிவு செய்திருந்த வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தான். கிறிஸ்தவக் குடும்பம், தகப்பனார் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவன் கப்பல் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தான்.

"ஓய், கப்பல்ல பக்கத்துப் படுக்கையைப் பிடிச்சு வச்சிருக்கேன். உம்ம முடிவு எப்போ? கப்பல் நகர்ந்த பிறகா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"நீர் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் அங்க ஜட்ஜா ஆயிடுவேன். உம்ம மனுவைத் தள்ளுபடி பண்றதுதான் என் முதல் வேலை."

வீட்டில் எனக்காக மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தவர் சின்னம்மா. என்னைப் பெற்றவள் எனக்கு நினைவு தெரியாத வயதிலேயே காலமாகிவிட்டாள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி என்ற ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் இருப்பவர் சின்னம்மா. பர்மியப் பெண். எனக்குச் சோறு ஊட்டியதும், காய்ச்சலில் கிடந்தபோது விழித்திருந்ததும் அவர்தான். தமிழை அப்பாவிடமும் என்னிடமும் கற்றுக்கொண்டார். நன்றாகவே பேசுவார், வாக்கியத்தின் கடைசியில் மட்டும் 'நோ' என்று ஒரு பர்மியச் சொல்லை ஒட்டிவிடுவார், 'சரிதானே' என்று நாம் கேட்பதுபோல. பெரியப்பா வீட்டில் அவரைத் தெரியாது. ஒரு சமையற்காரி இருக்கிறாள் என்ற அளவில் தெரியும். அப்பா அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனதும் இல்லை.

நான் போவதா இல்லையா என்று சின்னம்மா என்னைக் கேட்கவில்லை. உலர்ந்த இறாலையும் பூண்டையும் மிளகாயையும் எண்ணெயில் வறுத்துப் பலாச்சாங் செய்து போத்தல்களில் அடைத்துக்கொண்டிருந்தார். "அங்க உன் பெரியம்மா சாம்பார்லயே உன்னை முக்கி எடுப்பாங்க நோ. இதை ஒளிச்சு வச்சுத் தின்னு," என்றார்.

இரண்டாவது வாரத்தின் நடுவில் எங்கள் விரிவுரையாளர் ஒரு மாதிரி வழக்கு கொடுத்தார். அவர் பர்மியர், லண்டனில் படித்த பாரிஸ்டர். அடுத்த திங்கட்கிழமை நாங்களே இரு தரப்பு வக்கீல்களாக நின்று வாதாட வேண்டும், அவர் நீதிபதி. வழக்கு இதுதான்: ரங்கூனில் ஒரு தமிழ் இந்து ஒரு பர்மியப் பெண்ணோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, பிள்ளையில்லாமல் இறந்துபோகிறார். சென்னையிலிருந்து அவருடைய தம்பி வந்து, சொத்து முழுவதும் தனக்கு என்கிறார். அந்தப் பெண், தானே மனைவி என்கிறாள். தம்பிக்கு வக்கீல் நான். பெண்ணுக்கு வக்கீல் என் தோழன். சீட்டுப் போட்டு அப்படி வந்தது.

வழக்கைப் படித்ததும் யார் நினைவு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சரியாகச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டு நிலைமை அதுவல்ல. அப்பா இருக்கிறார், அவருக்குப் பின் நான் இருக்கிறேன். சின்னம்மாவை யாரும் தெருவில் நிறுத்தப்போவதில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டு வாதத்தைத் தயார் செய்தேன்.

முதல் வாதம் எளிது. இறந்தவர் இந்து, இந்துச் சட்டம்தான் செல்லும், அந்தச் சட்டத்தில் இது திருமணமே அல்ல. இதற்குச் சென்னைத் தீர்ப்புகள் வேண்டிய அளவு கிடைத்தன. இரண்டாவது வாதம் மாற்றுவழியாக வைப்பது. பர்மிய வழக்கம்தான் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும் அவள் மனைவி ஆகமாட்டாள் என்று காட்ட வேண்டும். பர்மிய வழக்கத்தில் சடங்கு அவசியமில்லை. ஊரறியச் சேர்ந்து வாழ்வதும், சேர்ந்து உட்கார்ந்து உண்பதும் திருமணத்துக்குச் சான்று. இதை எப்படி உடைப்பது என்று எனக்கு வழி தெரியவில்லை; அப்பாவிடமும் சொல்லிப் புலம்பினேன்.

சனிக்கிழமை பிற்பகல் மழை விடாமல் பெய்தது. அப்பா சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சின்னம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் குறுக்கு விசாரணை செய்து பழக ஒருவர் வேண்டியிருந்தது.

"சின்னம்மா, கொஞ்ச நேரம் நீங்க சாட்சிக் கூண்டில நிக்கணும்."

"நான் என்ன திருடினேன்?"

"திருடலை. நீங்க ஒரு விதவை. புருஷன் தமிழர்."

அவர் அப்பாவைப் பார்த்தார். "இந்தாங்க, உங்க மகன் உங்களைக் கொன்னுட்டான்."

"பரீட்சை தேறணும்னா யாராவது சாகத்தான் வேணும்," என்றார் அப்பா, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உங்களுக்கு அவர் தாலி கட்டினாரா?"

"தாலியா? ஒரு சங்கிலி வாங்கிக் குடுத்தார். அதுவும் மூணாவது வருஷம். கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு நோ."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"வக்கீல் ஐயா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ற பொம்பளை எந்த ஊர்ல இருக்கா? சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

"கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?"

"எங்க அண்ணன் மட்டும். மாவ்பியிலேருந்து ஒரு மூட்டை அரிசியும் என்னையும் வண்டியில ஏத்திட்டு வந்து இறக்கினான். உங்கப்பா அரிசியை அள்ளிப் பாத்து, நல்லா இருக்குன்னார். என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

அப்பா பத்திரிகையைச் சற்று உயர்த்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். பாடப்புத்தகத்தில் இருந்த கேள்வி அது. 'ஆம்' என்ற பதில் வரும், அதை எப்படிச் சமாளிப்பது என்று பார்க்கலாம் என்றுதான் கேட்டேன்.

"நீங்களும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமா?"

"சேர்ந்தா?" சின்னம்மா பூண்டைக் கீழே வைத்தார். குரலில் ஒரு மிடுக்கு வந்தது. "ஒரு நாளும் இல்லை. எங்க ஊர்ல எல்லாரும் வட்ட மேசையைச் சுத்தி உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். வந்த புதுசில நானும் தெரியாம இவர்கூட உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா பாத்துட்டு, புருஷன் சாப்பிடறதுக்கு முந்திப் பொம்பளை வாயில சோறு வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அன்னையிலேருந்து இத்தனை வருஷத்தில ஒரு வேளை, ஒரே ஒரு வேளை நான் இவர்கூட உட்கார்ந்ததில்லை. தமிழ் வீட்டுப் பொம்பளைன்னா அப்படித்தானே இருக்கணும். நல்லா எழுதிக்கோ."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். கேள்வி கேட்ட எனக்கு இரண்டாவது வாதம் கைக்கு வந்துவிட்டது. வழக்குத் தாளில் 'அவருக்கு உணவு பரிமாறி வந்தாள்' என்று ஒரு வரி இருந்தது. இதுவரை நான் பொருட்படுத்தாத வரி. பரிமாறினாள் என்றால் உடன் உண்ணவில்லை. தமிழ் மனைவியாக இருக்க அவர் கற்றுக்கொண்ட ஒழுங்கு, பர்மியச் சட்டத்தில் அவர் மனைவி அல்ல என்பதற்குச் சான்று. இந்துச் சட்டத்திலோ எதைக் கற்றுக்கொண்டாலும் மனைவி இல்லை.

"என்ன, தோத்துட்டியா?" என்றார் சின்னம்மா.

"இல்லை. ஜெயிச்சுட்டேன்."

"அப்ப ஏன் எழுந்து நடக்கறே? உட்காரு."

அப்பாவின் கையிலிருந்த பத்திரிகை வெகுநேரமாகப் பக்கம் திரும்பாமலே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அப்பா, தட்டில் சோறு விழுந்ததும் கையை வைக்கவில்லை. "நீயும் உட்காரு," என்றார்.

"எங்க?"

"இங்கதான். எதிர்ல."

"அப்புறம் யார் போடறது?"

"அவன் போடுவான்."

நான் எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். சின்னம்மா இடுப்பில் சுற்றியிருந்த தமேனை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக்கு விருந்து வந்தவர்போல உட்கார்ந்தார். அப்பா எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். மாடிப்படியில் ஏறுகிறவர்களுக்கு உள்ளே தெரியும். அவர் எதற்காகத் திறந்தார் என்று எனக்குப் புரிந்தது; சின்னம்மாவுக்குப் புரியவில்லை.

"மழைச் சாரல் அடிக்குது, கதவைச் சாத்துங்க," என்றார்.

"இருக்கட்டும். சாப்பிடு."

அவரால் முடியவில்லை. உப்பு எடுக்க ஒருமுறை எழுந்தார். தண்ணீருக்கு ஒருமுறை. நான் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன் என்று கரண்டியைப் பிடுங்க ஒருமுறை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்றார். அப்பா சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போனார். அவர் போனதும் சின்னம்மா தம்முடைய தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பா சாப்பிட்ட தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். மறைவாக வைத்திருந்த நாப்பி என்கிற மீன் விழுதை எடுத்துத் தொட்டுக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினார். தினமும் நடப்பதுதான். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வழக்கு நடந்தது. நான் முதல் வாதத்தைச் சென்னைத் தீர்ப்புகளோடு வைத்தேன். பிறகு இரண்டாவதை வைத்தேன். 'பரிமாறி வந்தாள்' என்ற வரியைப் படித்துக் காட்டி நிறுத்தியபோது வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. என் தோழன் நியாயம், கருணை, பெண்ணின் கண்ணீர் என்று நன்றாகத்தான் பேசினான். சாப்பாட்டுக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. விரிவுரையாளர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நான் சென்னைக்குப் போகிற செய்தி அவருக்குத் தெரியும்.

"நீ போகிற இடத்தில் உனக்கு வேலை பாதிதான்," என்றார். "இந்த வழக்கு அங்கே நடந்தால் உன் முதல் வாதத்தோடு முடிந்துவிடும். இரண்டாவதை உன்னிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அங்கியை எடுத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்த எனக்குக் கால்கள் பரபரத்தன. நான் எழுந்தேன்.

"ஐயா, ஒரு பதில் இருக்கிறது."

"ஜெயித்தவனுக்கு எதற்குப் பதில்?"

"எதிர்த் தரப்புக்காக."

என் தோழன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஓய், அதை நேத்தே சொல்லியிருக்கலாமே," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் சொன்னேன்: பரிமாறினாள் என்பதோடு நிறுத்தியது என் தவறு, அவள் எப்போது, எதில் சாப்பிட்டாள் என்று கேட்டிருக்க வேண்டும். தமிழ் வீட்டில் ஒரு சமையற்காரி தனக்கென்று தனித்தட்டில் சாப்பிடுவாள். ஒருவர் சாப்பிட்டு எழுந்த அதே தட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவருடைய மனைவி ஒருத்திதான். வேறு யாரும் செய்யமாட்டார்கள், செய்யவும் விடமாட்டார்கள். சேர்ந்து உண்பது என்பதைத் தமிழ் வீடு அப்படித்தான் செய்கிறது. ஆகவே அது திருமணத்துக்குச் சான்று.

விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கால் ஏற்கெனவே படியில் இருந்தது. "எச்சில் தட்டில் சாப்பிடுவது ஒரு பெண்ணுக்கு அந்தஸ்து என்று ஒரு பர்மிய நீதிபதியிடம் வாதாடப்போகிறாயா?"

"ஆமாம், ஐயா."

"அந்த வழக்கு எப்போது வருகிறது என்று சொல்லியனுப்பு. நான் வந்து கேட்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிண்டலா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் டிராமில் ஏறவில்லை. மழையில் நடந்தேன். தோழன் சிறிது தூரம் குடையோடு கூட வந்தான்.

"ஜெயிச்சவன் நீர். மூஞ்சி ஏன் தோத்தவன் மாதிரி இருக்கு?"

"நான் வரலைன்னு நினைக்கிறேன்."

"நினைக்கறீரா, வரலையா?"

"வரலை."

அவன் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "பக்கத்துப் படுக்கையில யாராவது குறட்டை விடற ஆள் வந்து படுப்பான். அது உம்ம பாவம்," என்றான். குடையை என் கையில் திணித்துவிட்டு, எதிரே வந்த டிராமைப் பிடிக்க ஓடினான்.

முடிவு சொல்லிவிட்டால் மனம் அடங்கும் என்று எதிர்பார்த்தேன். அடங்கவில்லை. நடந்த வழியெல்லாம் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். சென்னை என்ற சொல்லில்லாத என் பலகையை நினைத்துப் பார்த்தேன். திரும்பிப் போய்த் தோழனிடம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஓரிடத்தில் நின்றேன். இந்த ஊரில் மட்டும் கேட்கப்படுகிற அந்த இரண்டாவது வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையும், பெரிய கல்லூரியின் படிகளில் ஏற வேண்டும் என்ற ஆசையும் ஒன்றையொன்று விடவில்லை. ஆனால் கால்கள் வீட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தன.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார்.

"ரெண்டு வாரமா அதைத்தான் செய்யறேன்."

"ஹைக்கோர்ட்டில நாளைக்கு உன்னை எவனாவது இளக்காரமா பாத்தா என்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழமாட்டேன்."

சின்னம்மாதான் கோபித்துக்கொண்டார். "போத்தல் போத்தலா செஞ்சு வச்சிருக்கேன். இதை யார் திங்கறது? கைகூட இன்னும் எரியுது. படிக்கப் போறேன்னு சொன்னவன் போக வேண்டாமா நோ?"

"உங்களுக்கு நான் போகணுமா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? பலாச்சாங் போகணும்னு சொன்னேன்."

தபால் கப்பல் மறுநாள் புறப்படுகிறது. பெரியப்பாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவர் பேசி வாங்கிய இடம். அப்பா மேசையருகே உட்கார்ந்து தாளை எடுத்தார். வழக்கமான முதல் வரிகளை எழுதிவிட்டு நிறுத்தினார்.

"அண்ணாவுக்கு என்ன காரணம் எழுதறது?"

"இங்க படிக்க வேண்டிய சட்டம் ஒண்ணு அங்க இல்லைன்னு எழுதுங்க."

"அது என்ன சட்டம்னு கேப்பார்."

நான் உட்கார முடியாமல் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா பேனாவை மையில் தோய்த்துத் தோய்த்து, எழுதாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"இந்தா, நீ மாவ்பியிலேருந்து வந்தது எந்த மாசம்?"

"தண்ணித் திருவிழா முடிஞ்ச உடனே," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ரோடெல்லாம் அப்பவும் ஈரமா இருந்தது. இப்ப எதுக்கு?"

"அப்ப சித்திரைதான்," என்று அப்பா தமக்குள் சொல்லிக்கொண்டார்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"அண்ணாவுக்கு எழுதறேன். கல்யாணம் நடந்தது எந்த மாசம்னு சொல்ல வேண்டாமா?"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. நானும் நடப்பதை நிறுத்தினேன். சின்னம்மா நிலைப்படிக்கு வந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி அப்பாவையும் தாளையும் பார்த்தார்.

"அரிசி மூட்டையையும் சேர்த்து எழுதுங்க," என்றார். "எங்க அண்ணன் குடுத்தது. இல்லைன்னா சும்மா வந்தேன்னு நினைப்பாங்க."

அப்பா தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.